தையல் மெஷின் டு கிராமி... மாயாவின் 'டக டக' பயணம்!

அம்மன் கோயில் நோம்பின்னா நம்ம சிங்காநல்லூர் பக்கம் உறுமி மேளம் இல்லாம ஆகுமா? அந்த 'உர்ர்ர்' சத்தம் கேட்டதும் காலு தானா ஆடும். அதே உறுமியை லண்டன் கிளப்புக்கும் நியூயார்க் டான்ஸ் ஃப்ளோருக்கும் கொண்டுபோய் இறக்கினவங்க ஒரு தமிழ்ப் பொண்ணு! பேரு மாதங்கி அருள்பிரகாசம். வீட்ல மாயா. உலகத்துக்கு எம்.ஐ.ஏ.

சிந்தசைஸர், டிரம் மெஷின்னு எலெக்ட்ரானிக் சத்தத்துல பாட்டு கட்டி, தானே எழுதி, தானே பாடுற இண்டி ஆளுங்க உலகத்துல நிறைய. ஆனா அந்த லிஸ்ட்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசி வளர்ந்த ஒருத்தர் இருக்காங்கன்னு நம்ம கேம்பஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்பாவை 'மாமா'ன்னு கூப்பிட்ட பொண்ணு

1975-ல லண்டன்ல பிறந்தாங்க மாயா. ஆறு மாசக் குழந்தையா இருக்கும்போதே குடும்பம் இலங்கைக்குத் திரும்பிடுச்சு. அப்பா அருள்பிரகாசம் ஒரு எஞ்சினியர் (ஆமாங்க, நம்ம ஜாதி!). ஈழப் போராட்டத்துல 'ஈரோஸ்' இயக்கத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். இயக்கப் பேரு அருளர். ராணுவம் தேடிட்டு இருந்ததால வீட்டுப் பக்கம் வர்றதே அபூர்வம். வந்தாலும், பாதுகாப்புக்காகக் குழந்தைங்ககிட்ட 'மாமா'ன்னுதான் அறிமுகம்.

சண்டை முத்தினதும் அம்மா கலா குழந்தைங்களைக் கூட்டிட்டு மெட்ராஸ் வந்தாங்க. கொஞ்ச காலம் அங்கே, மறுபடி யாழ்ப்பாணம். கடைசியா 1986-ல அகதியா லண்டன். மாயாவுக்கு அப்போ வயசு பத்து, பதினொண்ணு. இங்கிலீஷே அங்க போய்த்தான் படிச்சாங்க. அம்மாவுக்குத் தையல் வேலை. திருப்பூர் கம்பெனிகள்ல நாள் பூரா மெஷின் முன்னாடி குனிஞ்சிருக்கிற அக்காக்களைப் பார்த்த நமக்கு அந்த உழைப்பைப் பத்தித் தனியா சொல்லணுமா என்ன?

கேமராவோட போனாங்க... பாட்டோட வந்தாங்க!

மாயா படிச்சது மியூசிக் இல்ல. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில ஃபிலிம். 'எலாஸ்டிகா'ன்னு ஒரு ராக் பேண்டோட அமெரிக்க டூரைப் படம் பிடிக்கக் கேமராவோட போனாங்க. அந்த டூர்ல கூட வந்த 'பீச்சஸ்'ங்கிற பாடகி, ஒத்தை ஆளா ஒரு பெட்டியை வெச்சுக்கிட்டு மேடையை அதிர வைப்பாங்க. அந்தப் பெட்டி, ரோலண்ட் எம்.சி.-505. 'நீயும் தட்டிப் பாரேன்'னு உசுப்பேத்தினதும் அவங்கதான்.

அப்புறம் என்ன? இரவல் வாங்கின எம்.சி.-505, செகண்ட் ஹேண்ட் டேப் ரெக்கார்டர், ஒரு மைக். இவ்வளவுதான் ஸ்டுடியோ! ஆறு பாட்டு டெமோ ரெடி. அதுல ஒண்ணு, 'கலாங்'. 2003-ல ஒரு சின்ன கம்பெனி வெறும் 500 ரெக்கார்டு மட்டும் போட்டுச்சு. அது கிளப் கிளப்பா பரவி, எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டது.

2005-ல முதல் ஆல்பம். பேரு, 'அருளர்'. தூரத்துலயே இருந்த அப்பாவோட பேரு. 2007-ல ரெண்டாவது. அது 'கலா'. கூடவே இருந்த அம்மாவோட பேரு!

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

*ஈ.சி.ஈ. பசங்க கவனிங்க, இது நம்ம சிலபஸ்தான்! ஆஸிலேட்டர் ஒரு அலையை உருவாக்கும். அதான் சத்தத்தோட மூலப்பொருள். லோ பாஸ் ஃபில்டர் அதுல கூர்மையான மேல் அலைவரிசைகளை வெட்டி, குரலை மாத்தும். என்வலப், சத்தம் பட்டுனு வரணுமா, மெதுவா ஏறணுமான்னு முடிவு பண்ணும். சீக்வென்சர் இதையெல்லாம் தாளக்கட்டுல வரிசைப்படுத்தித் திரும்பத் திரும்ப ஓட்டும். இந்த மொத்தக் கூட்டணியும் டிரம் சத்தங்களோட ஒரே பெட்டியில இருந்தா, அதான் எம்.சி.-505. இன்னிக்கு இந்த வேலையெல்லாம் உங்க செல்போன் ஆப்பே செய்யும்.*

விசா இல்லையா? உலகமே ஸ்டுடியோ!

'கலா' ஆல்பத்தை அமெரிக்காவுல பெரிய தயாரிப்பாளர்களோட பண்றதா பிளான். 2006-ல விசா சிக்கல். வேற யாரா இருந்தாலும் உக்காந்து அழுதிருப்பாங்க. மாயா பெட்டியைத் தூக்கிட்டு ஊர் ஊரா கிளம்பிட்டாங்க. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா...

சென்னையில ஏ.ஆர்.ரஹ்மான் ஸ்டுடியோவுல நம்ம மேளக்காரங்களை வாசிக்க வெச்சு ரெக்கார்டிங். அந்த ஆல்பத்தோட முதல் பாட்டுல 'தளபதி' படத்து இளையராஜா இசை ஒலிக்கும். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டுல 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டும் உறுமியும் சேர்ந்து அதிரும். வெள்ளைக்காரங்களுக்குப் புதுச் சத்தம். நமக்கு நோம்பிச் சத்தம்!

விசா கடுப்பும் வீணாகல. 'பேப்பர் பிளேன்ஸ்'னு பாட்டாச்சு. வெளியூர்ல இருந்து வர்றவங்கன்னாலே திருடங்கன்னு நினைக்கிறவங்களை நக்கல் அடிக்கிற பாட்டு. கோரஸ்ல துப்பாக்கிச் சத்தமும், கல்லாப்பெட்டி 'டிங்'கும். 2008-ல அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல 4-வது இடம்! 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துலயும் வந்துச்சு. அதே படத்துல ரஹ்மானோட சேர்ந்து பண்ணின 'ஓ சாயா' ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. 2009 பிப்ரவரியில, பிரசவத்துக்குச் சில நாள் இருக்கும்போது நிறைமாச வயித்தோட கிராமி மேடையில ஏறி ஆடினாங்க பாருங்க... அசந்துபோச்சு அமெரிக்கா.

கைதட்டலும் கல்லடியும்

மாயாவைச் சுத்தி சர்ச்சைக்குப் பஞ்சமே இல்ல. 2009-ல இறுதிப் போர் நடந்தப்போ, தமிழ் மக்கள் சாவைப் பத்திப் பேட்டிக்குப் பேட்டி பேசினாங்க. புலிகளுக்கு வக்காலத்துன்னு ஒரு கூட்டம் திட்டுச்சு. 2012 சூப்பர் பவுல் மேடையில நடுவிரலைக் காட்டப்போய், அமெரிக்க ஃபுட்பால் லீக் மில்லியன் கணக்கான டாலர் கேட்டு வழக்குப் போட்டுச்சு. 2014-ல சமரசம். கொரோனா காலத்துல தடுப்பூசி பத்தி அவங்க சொன்னதைப் பல ரசிகர்களே ஏத்துக்கல. நாமளும் ஏத்துக்கணும்னு இல்ல. பாட்டு பிடிக்கறதுக்கும் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறதுக்கும் வித்தியாசம் இருக்கே!

ஆனா ஒரு சண்டையில மட்டும் நான் முழுசா மாயா கட்சி. 'பாட்டுக்கு பீட் போட்டது கூட இருந்த ஆம்பளை தயாரிப்பாளர்தானே'ன்னு பத்திரிகைகள் எழுதினப்போ, 2007-லயே பேட்டியில பொரிஞ்சு தள்ளிட்டாங்க. பெட்டியைத் தட்டி டெமோ போட்டது யாரு? அந்தக் கேள்வி நம்ம கேம்பஸுக்கும் பொருந்தும். ப்ராஜெக்ட்ல கோடிங் பூரா பொண்ணு எழுதியிருப்பா, 'டீம்ல யாருப்பா எழுதினது?'ன்னு வைவாவுல பையனைப் பார்த்துக் கேப்பாங்க. இதெல்லாம் பழங்கதைன்னு சொல்ல முடியுமா?

அம்மா தைச்ச மெடல்

'மாயா', 'மாதங்கி', 'எய்ம்', 2022-ல 'மாதா'ன்னு ஆல்பங்கள் தொடர்ந்துச்சு. 2018-ல அவங்க வாழ்க்கையைப் பத்தின டாகுமென்டரி சன்டான்ஸ் விழாவுல விருது வாங்குச்சு. கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கின படம். மாயா சின்ன வயசுல இருந்து எடுத்து வெச்ச வீடியோக்கள்தான் அதோட உயிர்.

இதெல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது 2019 மேட்டர். பிரிட்டிஷ் அரசு மாயாவுக்கு எம்.பி.ஈ. பட்டம் அறிவிச்சது. அந்தப் பட்டத்தோட ஒரு மெடல் தருவாங்க. அந்த மாதிரி மெடல்களுக்குப் பல வருஷமா கையால தையல் போட்டவங்க யார் தெரியுமா? அகதியா வந்த அம்மா கலா! ஊருக்கெல்லாம் தைச்ச மெடல்ல ஒண்ணு சொந்த மக சட்டையில!

ஹாஸ்டல் ரூம்ல ஹெட்போனை மாட்டிட்டு, 'சினிமா சான்ஸ் கிடைச்சாதான் மியூசிக்'னு காத்துட்டு இருக்கிற நண்பர்களே... மாயாகிட்ட ஆரம்பத்துல இருந்தது இரவல் பெட்டியும், சொல்றதுக்குச் சொந்தக் கதையும்தான். பெட்டி உங்க பாக்கெட்லயே இருக்கு. உறுமிக்கும் பஞ்சமில்லாத ஊரு நம்முது. சொந்தக் கதை?

அதை நீங்கதானுங்க எழுதணும்!