மிளகாய் இலையில் புள்ளியா? மருந்துக்கு முன் இலையைப் பாருங்கள்

சொந்தக் காணியை விட்டு வந்து, உறவினர் வளவிலோ இரவல் காணியிலோ குடியிருக்கும் குடும்பங்கள் முதலில் நடுவது பெரும்பாலும் மிளகாய்தான். பத்துக் கன்று நின்றாலும் கறிக்குக் காய் கிடைக்கும். மிஞ்சியதைச் செத்தலாக்கி விற்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையோடு இலைகளில் புள்ளி விழுந்து, மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கும். உடனே கடைக்கு ஓடி, கொடுக்கும் மருந்தை வாங்கி அடிக்கிறோம். பல வேளைகளில் அந்தப் பணம் வீணாகிறது. புள்ளிகள் எல்லாம் ஒரே நோய் அல்ல. எந்தப் புள்ளி என்று அறிந்த பின்னரே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மூன்று வகைப் புள்ளிகள்

காலையில் ஓர் இலையைப் பறித்து, மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

1. வெயில் சுட்ட புள்ளி: வெயில் நேரே விழும் பக்கத்தில் மட்டும், வெளிறிய கடதாசி போல இருக்கும். புதிதாக நட்ட கன்றுகளிலும், நிழல் திடீரென நீங்கிய கன்றுகளிலும் காணப்படும். இது பரவாது, மருந்தும் தேவையில்லை. சில நாட்களுக்குக் கிடுகால் நிழல் கொடுத்தால் போதும்.

2. தவளைக்கண் புள்ளி: வட்டமானது. நடுவில் சாம்பல் அல்லது வெள்ளை நிறம், சுற்றிலும் கடும் கபில நிற வளையம். நடுப்பகுதி காய்ந்து விழுந்து ஓட்டையாவதும் உண்டு. இது பங்கசு நோய்.

3. பற்றீரியாப் புள்ளி: முதலில் இலையின் கீழ்ப்பக்கத்தில் நீர் ஊறியது போன்ற சிறு புள்ளிகள் தோன்றும். பின்னர் அவை ஒழுங்கற்ற வடிவில் கறுத்துவிடும். நடுவில் வெள்ளைக் கண் தெளிவாக இராது. காயிலும் சொறி போன்ற தடிப்புகள் எழும்பும்.

சந்தேகமாக இருந்தால், புள்ளி உள்ள கிளையில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் பக்கத்து இலைகளுக்கும் புள்ளி பரவினால் அது நோய்தான்.

செலவில்லாத வைத்தியம்

பங்கசு, பற்றீரியா இரண்டும் மழைத்துளி தெறிப்பதாலும், நம் கைகளாலும் கருவிகளாலும் பரவுகின்றன. ஆகவே இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே.

- புள்ளி விழுந்த இலைகளை, கன்று காய்ந்திருக்கும் நேரத்தில் பறித்து எரியுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். பாத்தியில் போட்டுவிட வேண்டாம்.
- கன்றுகள் நனைந்திருக்கும்போது அவற்றிடையே நடமாட வேண்டாம். காய் பறிக்கவும் வேண்டாம்.
- பூவாளியால் இலைமேல் ஊற்றாமல், காலையில் அடியில் தண்ணீர் விடுங்கள்.
- கன்றின் அடியில் வைக்கோல் அல்லது காய்ந்த சருகு பரப்புங்கள். மண் தெறிப்பது குறையும்.
- இடம் சிறிது என்று நெருக்கி நடாதீர்கள். காற்றோட்டம் இருந்தால் இலை விரைவில் உலரும்.

இதன் பின்னும் தவளைக்கண் நோய் பரவினால் மங்கோசெப் போன்ற பங்கசுநாசினியைத் தெளிக்கலாம். பற்றீரியாவை மங்கோசெப் மட்டும் கொல்லாது. செப்புச் சேர்ந்த மருந்து பரவலைக் குறைக்குமே தவிர, நோய் கண்ட இலையைச் சுகப்படுத்தாது. கடுமையாகத் தாக்கப்பட்ட கன்றைப் பிடுங்கி அழிப்பதே நல்லது. எந்த மருந்தானாலும் போத்தலில் அல்லது பைக்கற்றில் எழுதியுள்ள அளவையும், காய் பறிக்கப் பொறுக்க வேண்டிய நாட்களையும் மீற வேண்டாம். எழுத்து விளங்காவிட்டால், புள்ளி விழுந்த இலையோடு விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுங்கள்.

விதையில் கவனம்

இவ்விரு நோய்களும் விதையோடு செல்லக்கூடியவை. இங்கே நோய்ப்பட்ட கன்றில் எடுத்த விதையை நாளை நம் சொந்தக் காணிக்குக் கொண்டுபோனால், நோயையும் சேர்த்துக் கொண்டுபோகிறோம். பல வருடங்கள் தரிசாகக் கிடந்த நிலத்தில் முதற் பயிரே இலை கொட்டி நின்றால் அந்த இழப்பைத் தாங்குவது கடினம்.

ஆகவே தொடக்கத்திலேயே நோயற்ற சில கன்றுகளைத் தெரிந்து அடையாளமிடுங்கள். அவற்றில் நன்கு பழுத்த, புள்ளியோ சொறியோ இல்லாத பழங்களை மட்டும் விதைக்கு எடுங்கள். விதையை நிழலில் உலர்த்தி, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி வையுங்கள். எம்.ஐ.-2 போன்ற சாதாரண இனங்களிலிருந்து விதை எடுக்கலாம். கலப்பின விதையில் வளர்ந்த கன்றின் விதை தாயைப் போல வராது.

அடுத்த போகத்தில் அதே பாத்தியில் மிளகாயோ தக்காளியோ நட வேண்டாம். பயறு, கீரை, வெங்காயம் என்று மாற்றுங்கள். தானாக முளைக்கும் மிளகாய், தக்காளிக் கன்றுகளையும் பிடுங்கிவிடுங்கள்.

நல்ல விதையை நல்ல நிலத்தில் விதைப்பது பற்றி ஆண்டவர் உவமைகளில் பேசினார். நம் நிலம் இன்னும் நம் கைக்கு வராமலிருக்கலாம். நல்ல விதையைச் சேர்த்து வைப்பது இன்றே நம்மால் முடியும்.