மாணவர் செலவும் மகசூற் பருவமும்

தஞ்சை நாட்டு ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருட் பலர்க்கு வீட்டுப் பணம் திங்கள்தோறும் வருவதன்று. அறுவடைக்கு அறுவடை வருவது. குறுவை புரட்டாசி ஐப்பசியிலும், சம்பா தை மாசியிலும் களமேறும். விடுதிக் கட்டணமோ மாதந் தவறாது கேட்கப்படும். ஆகவே, மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கென வகுத்த கணக்குமுறை இவர்கட்குப் பொருந்தாதென்பது நமது துணிபு.

ஆண்டில் மிக இடர்ப்பாடான காலம் ஆனி, ஆடி. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டியே கல்லூரிகளும் திறக்கின்றன. அப்பொழுது உழவுக்கும் நடவாட் கூலிக்கும் தந்தையார் பணந் தேடுவார். அதே வாரத்தில் பிள்ளை கல்லூரிச் சம்பளம் கேட்கும். பத்தாயமோ வெறுமையாயிருக்கும். தாயார் நகை அடகுக்கடை ஏறுவது பெரும்பாலும் இந்நாட்களிலன்றோ! இதனைத் தவிர்க்க வேண்டின், வருங் கல்வியாண்டின் வரவுசெலவுத் திட்டத்தைச் சம்பா நெல் விற்ற மாசியிலேயே எழுதுதல் வேண்டும்.

உழவர் உண்பதற்கு அளக்குமுன் விதைநெல்லை வேறாக எடுத்து வைப்பர். மாணவர்க்கு விதைநெல்லாவது கல்லூரிச் சம்பளமும் தேர்வுக் கட்டணமுமே. மாசியில் 35,000 ரூபாய் கிடைத்ததாகக் கொள்வோம். அவ்விரண்டிற்கும் 12,000, நோய் முதலிய எதிர்பாராச் செலவிற்கு 2,000 முதலில் நீக்குக. எஞ்சிய 21,000 ஐப்பசி முடியுமட்டும் வரவேண்டும். ஒன்பது திங்களுள் சித்திரையும் வைகாசியும் விடுமுறையாகலின், ஏழு திங்களுக்குத் திங்களொன்றுக்கு 3,000 ஆகும். உணவு, பேருந்து, நூல், கைப்பேசி யாவும் இதற்குள் அடங்குக. விடுதியில் உணவுச் செலவைப் பங்கிட்டு வாங்கும் முறையாயின் தொகை மாதந்தோறும் மாறும். சென்ற ஆண்டின் மிகுந்த தொகையையே கணக்கிற் கொள்ளல் நலம். கைப்பேசி வழியே கொடுக்குங்கால் காசு கையை விட்டகல்வது தோன்றாதாகலின், தேநீர்க் கடைக்குக் கொடுத்ததையும் அன்றிரவே குறித்துக்கொள்க.

புரட்டாசியிலேயே குறுவை அறுக்கப்படுமாயினும் ஐப்பசி முடியக் கணக்கிட்டது ஏனெனில், அறுத்த நாள் வேறு, பணம் வரும் நாள் வேறு. நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 விழுக்காடு. மழையில் நனைந்த நெல் உலருமளவும் குவியலாய்க் காத்துக் கிடக்கும். 2012, 2016 ஆகிய ஆண்டுகளிலோ அணை திறந்ததே செப்டம்பரில்தான். ஆற்றுநீரையே நம்பிய வயல்களில் அவ்வாண்டுகளிற் குறுவை இல்லை.

இனி உதவித்தொகை. அரசுப் பள்ளிகளிற் பயின்று வந்தோர்க்குத் திங்கள் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-இலும், 'தமிழ்ப் புதல்வன்' 2024-இலும் தொடங்கின. மதிப்பெண்ணைச் சார்ந்த உதவித்தொகை வேறு வகையது. 1904-இல் அத்தகைய உதவியோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்த இராமானுஜன், கணிதமொழிந்த பாடங்களைக் கைவிட்டமையால் அதனை இழந்தார். பருவமொன்றுக்குச் சம்பளம் 32 ரூபாய். துணிக்கடைக் கணக்கரான தந்தையார்க்கு மாத வருவாய் 20 ரூபாய் அளவே. மறு ஆண்டே அவர் அக்கல்லூரியை விட்டு நீங்கினார். ஆதலின் இத்தொகையை, வங்கிக் கணக்கில் ஏறிய பின்னரே வரவுப் பக்கத்தில் எழுதுக.