ரெண்டு மரம்... ஒரு பேர்!

கையில பேனா இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? லெக்சர் நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. செங்குத்தா ஒரு கோடு. அதுக்குக் குறுக்கே ஒரு கோடு. ரெண்டும் சந்திக்கற இடத்துலேர்ந்து இடமும் வலமும் சரிவா ரெண்டு கிளை. ஒரு மரம் ரெடி! அதை ஒட்டி இன்னொரு மரம் போடுங்க. சீன எழுத்து ஒண்ணு எழுதிட்டீங்க பாஸ்! வாசிச்சா ‘லின்’. அர்த்தம், காடு. ஒரு கோடிப் பேருக்கும் மேல இதுதான் குடும்பப் பேர். (மூணு மரம் போட்டா அடர்ந்த காடு. லாஜிக் எவ்ளோ சிம்பிள்!)

நமக்கு முன்னாடி அப்பாவோட இனிஷியல் நிக்கற மாதிரி, சீனர்களுக்குக் குடும்பப் பேர்தான் முதல்ல. சொந்தப் பேர் பின்னாடிதான் வரும்.

சரி, காடு எப்படிப் பேராச்சு? லின் குடும்பங்கள் வழிவழியா சொல்ற கதை இது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, ஷாங் வம்சத்தோட கடைசி ராஜா பெரிய கொடுங்கோலன். அவனோட சித்தப்பா பி கான், ‘நீ செய்யறது தப்பு’ன்னு முகத்துக்கு நேரா சொன்னார். ‘ஞானியோட இதயத்துல ஏழு ஓட்டை இருக்குமாமே, பார்த்துடுவோம்’னு அவர் நெஞ்சையே பிளந்துட்டான் ராஜா! கர்ப்பமா இருந்த மனைவி காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சு, அங்கேயே பிள்ளை பெத்தாங்க. ஷாங் ஆட்சியைக் கவிழ்த்த வூ மன்னர், அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த பேர்தான் ‘லின்’. ஹெனான் மாகாணம் வெய்ஹுயில பி கானுக்குக் கோயிலே இருக்கு.

பிற்காலத்துல தெற்கே ஃபூஜியன் கடற்கரையில பெருகி, அங்கேர்ந்து கப்பலேறினாங்க லின்கள். எழுத்து ஒண்ணுதான், உச்சரிப்பு ஊருக்கு ஊர் வேற. ஹொக்கியன்ல ‘லிம்’, கான்டனீஸ்ல ‘லாம்’, டச்சுக்காரங்க ஆண்ட இந்தோனேசியாவுல ‘லியெம்’. மாலுமிகளைக் காக்கற தெய்வம் மாஸுவும் பிறப்பால ஒரு லின்தான்! சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவுல மாஸு கோயிலும், நம்ம தமிழ் முஸ்லிம்கள் கட்டின நாகூர் தர்காவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. பத்திரமா கரை சேர்ந்ததுக்கு நன்றி சொல்ல ரெண்டு பேருக்கும் ஒரே தெரு.

‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ டைரக்டர் ஜஸ்டின் லின், பேட்மின்டன் புலி லின் டான்னு லிஸ்ட் நீளம். ஆனா நம்ம செட்டுக்கான ஆள் மாயா லின்தான். 1981-ல யேல் பல்கலைக்கழகத்துல படிச்சிட்டிருந்த 21 வயசுப் பொண்ணு. வியட்நாம் போர்ல இறந்த அமெரிக்க வீரர்களுக்கு நினைவுச் சின்னம் வடிவமைக்க ஒரு போட்டி. வந்தது 1,421 டிசைன். எதுலயும் பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். ஜெயிச்சது 1026. யாருன்னு பார்த்தா ஆசியப் பேர்! கிளம்பிச்சு பாருங்க எதிர்ப்பு... டிசைன் பிடிக்காதவங்களும் இருந்தாங்க, பேர் பிடிக்காதவங்களும் இருந்தாங்க. பேர் போட்டு அனுப்பியிருந்தா ஜெயிச்சிருக்கவே மாட்டேன்னு அவங்களே பிற்பாடு சொல்லியிருக்காங்க. அதே டிசைனுக்கு வகுப்புல கிடைச்சது ‘பி’ கிரேடுங்கறது தனி காமெடி! 1982-ல திறந்த அந்தக் கறுப்புச் சுவர்ல இப்போ 58,000-க்கும் மேல பேர்கள்.

இந்தோனேசியாவுல இருந்தவங்களுக்கு இன்னும் சோதனை. சுகார்த்தோவோட கை ஓங்கின 1966-ல, சீனப் பேரை விட்டுட்டு இந்தோனேசியப் பேர் வெச்சுக்கச் சொல்லி அரசு நெருக்கிச்சு. சீனப் பள்ளிகளை மூடினாங்க. 1967-லேர்ந்து சீனப் புத்தாண்டைப் பொது இடத்துல கொண்டாடக்கூடாது. லியெம்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? அந்த ஊர்ல ஏற்கெனவே புழக்கத்துல இருந்த பேர்கள்லயே தேடி ‘ஹலிம்’, ‘சலிம்’னு எடுத்துக்கிட்டவங்க நிறைய. மறுபடி வாசிச்சுப் பாருங்க... உள்ளே ‘லிம்’ பத்திரமா உட்கார்ந்திருக்கும்!

ஃபூஜியன்லேர்ந்து 1938-ல ஜாவா போய் நாட்டோட பெரும் பணக்காரரா ஆன லியெம் சியோ லியோங்கும் அப்படித்தான் ‘சுதோனோ சலிம்’ ஆனார். இண்டோமி நூடுல்ஸ் செய்யற கம்பெனி அவர் ஆரம்பிச்ச குழுமத்தோடதுதான். பேரை மாத்தியும் 1998 மே கலவரத்துல ஜகார்த்தாவுல அவர் வீட்டைக் கொளுத்தினாங்க. சுகார்த்தோவுக்கு அவர் ரொம்ப நெருக்கம்ங்கற கோபமும் அதுல சேர்ந்துக்கிச்சு. 2000-ல தடை போச்சு. 2003-லேர்ந்து சீனப் புத்தாண்டுக்கு அங்கே தேசிய விடுமுறை. பழைய பேருக்குத் திரும்பினவங்களும் உண்டு. நூடுல்ஸ் குழுமம் மட்டும் இன்னும் ‘சலிம் குரூப்’தான்.