பிறர் நிரல் பயிலும் பயன்

நல்ல உரைநடை எழுத விழைவோர் நல்லாசிரியர் நூல்களைப் பயிலுதல் மரபு. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இஃது ஒக்கும். நிரல் பொறிக்கு இடும் கட்டளை மட்டுமன்று. பின்வருவோர் படித்துத் திருத்த வேண்டிய எழுத்தும் ஆகும். ஆதலின் அதற்கும் நடை உண்டு. பிறர் எழுதியவற்றைப் பயில்வதால் அந்நடை செம்மையுறும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ் இதனை நன்குணர்ந்தவர். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆக்கிய யூனிக்ஸ் இயக்க அமைப்பின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. அதன் உட்கரு பத்தாயிரம் வரிக்கு உட்பட்டது. லயன்ஸ் அந்நிரலை ஒரு நூலிலும், தம் விளக்கத்தை மற்றொரு நூலிலும் அமைத்து, 1976இல் தம் மாணாக்கர்க்குப் பாடமாக்கினார். மூலமும் உரையும் என்னும் நம் மரபை ஒத்த முறை இது.

1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம விதியோ மூலநிரலை வகுப்பில் பயிற்றுவதைத் தடுத்தது. எனினும் படிக்கும் வேட்கை அடங்கவில்லை. லயன்ஸின் உரை படிமேற் படியாக நகலெடுக்கப்பட்டுப் பலரிடையே உலவியது. 1996இல்தான் முறையாக அச்சேறியது. தடையால் நேர்ந்த குறையைப் போக்க ஆண்ட்ரூ டானன்பாம் 1987இல் மினிக்ஸ் என்னும் அமைப்பை எழுதி, அதன் நிரலைப் பாடநூலிலேயே அச்சிட்டார். அதனைப் பயின்ற ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். ஒருவர் நிரல் மற்றொருவர்க்கு ஆசானாதல் இவ்வாறே.

பயிலும் முறை யாது? முதலில் தரவுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன எனக் காண்க. பின்னர்ச் சிறு உள்ளீடு ஒன்றை எடுத்துக்கொண்டு, மாறிகளின் மதிப்பு வரிதோறும் மாறுவதைத் தாளில் எழுதிப் பார்க்க. அதன்பின் மூலத்தை மூடிவைத்து, அதே பணிக்குத் தாமே நிரல் எழுதி, இரண்டையும் ஒப்பிடுக. பெயரிடலிலும் பகுப்பிலும் மூலம் எங்கே மேம்பட்டுள்ளது என்பது அப்போது விளங்கும்.

புகழ்பெற்ற நிரலையும் ஆராய்ந்தே பயிலல் வேண்டும். வரிசைப்படுத்திய பட்டியலை இருகூறாக்கித் தேடும் நிரலில், கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். கூட்டுத்தொகை முழுவெண்ணின் கொள்ளளவை மிஞ்சினால் விடை பிழைபடும். ஜாவா நூலகத்திலும் இருந்த இப்பிழையை, அந்நிரலை எழுதிய ஜோசுவா பிளாக்கே 2006இல் எடுத்துரைத்தார். எல்லைகளின் வேறுபாட்டைப் பாதியாக்கிக் கீழெல்லையோடு கூட்டுதலே தீர்வு.

மாணவ நண்பர்களே! லினக்ஸ் நிரல் இன்று யாவர்க்கும் திறந்திருக்கிறது. படியெடுத்து ஒட்டுதல் எளிது, படித்துணர்தல் அரிது. அரியதையே மேற்கொள்வோம். நாளை நம் நிரலையும் ஒருவர் படிப்பார் என்னும் நினைவோடு எழுதுவோம்.