லம்பாடா யாருடைய பாட்டு?

1989-ல் கவோமா குழு பாடிய 'லம்பாடா'வை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. ரொம்ப நாளாக நானும் அதைப் பிரேசில் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த மெட்டு பொலிவியாவின் 'லோஸ் கார்காஸ்' குழுவுடையது. உலிசெஸ், கோன்சாலோ எர்மோசா என்ற சகோதரர்கள் இயற்றிய 'யொராந்தோ சே ஃபுவே' 1981-லேயே வந்துவிட்டது. 'அழுதபடி போய்விட்டாள்' என்று பொருள். ஆட்டம் போட வைத்த பாட்டு, அசலில் ஒரு பிரிவுப் பாட்டு!

கேட்டுப் பாருங்கள். லம்பாடாவில் அக்கார்டியன் வரும் இடத்தில் இங்கே சம்போனா வரும். நாணல் குழல்களை வரிசையாகக் கட்டிய வாத்தியம் அது. ஆண்டீஸ் மலைக் கிராமங்களில் இதை இரண்டு பேர் ஜோடியாகத்தான் வாசிப்பார்கள். ஸ்வரங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வரிசைகளில் பிரிந்திருக்கும். ஒன்றின் பெயர் இரா, மற்றது ஆர்கா. தனியாக ஊதினால் பாதி மெட்டுதான் கிடைக்கும்.

சிக்கலும் இங்கேதான். ஊரே சேர்ந்து வாசிக்கும் இசை என்றால், "நாட்டுப்பாட்டுதானே, யார் சொந்தம் கொண்டாடப் போகிறார்கள்?" என்று வெளியுலகம் எடுத்துக்கொள்கிறது. 'எல் கோந்தோர் பாசா'வை இயற்றியவர் பெருவின் தானியேல் அலோமியா ரோப்லெஸ், 1913-ல். 1970-ல் அதைப் பாடி வெளியிட்ட பால் சைமன், பழைய நாட்டுப்பாட்டு என்றே நம்பியிருந்தார்.

லம்பாடாவில் முதலில் எர்மோசா சகோதரர்களின் பெயரே இல்லை. வழக்குப் போட்டுத்தான் உரிமையை மீட்டார்கள். 2011-ல் ஜெனிபர் லோபஸ் 'ஆன் த ஃப்ளோர்' பாட்டில் இதே மெட்டைப் பயன்படுத்தியபோது, இயற்றியவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரும் இருந்தது.

எங்காவது 'நாட்டுப்பாடல்' என்று மட்டும் போட்டிருந்தால், இனி நான் கொஞ்சம் தோண்டிப் பார்க்காமல் விடுவதில்லை. நீங்களும் பாருங்களேன்.