நீலக்கால் நண்டை இனங்காணுதல்

சந்தையிலே நண்டு வாங்குவோர் பெரும்பாலும் அதன் கனத்தையே பார்ப்பர். அது எவ்வினம், ஆணோ பெண்ணோ என்பதெல்லாம் கருத்திற் கொள்ளப்படுவதில்லை. கூழ்ப்பானைக்குள் எல்லா நண்டும் ஒன்றுதான்! கடலை நம்பி வாழ்வோருக்கோ இவ்வேறுபாடுகள் பெரியவை.

சங்கப் புலவர் ‘அலவன்’ எனப் பாடியது பெரும்பாலும் மணலில் ஓடி வளையிற் புகும் கரை நண்டை. அதன் கால்கள் முனை கூர்ந்தவை. நீந்தும் நண்டுகளிலோ கடைசிச் சோடிக் கால்கள் நுனியில் தட்டையாகித் துடுப்புப் போல அமைந்துள்ளன. துடுப்பைக் கண்டதும் நீந்தும் குடும்பத்தது எனத் துணியலாம். களப்புகளில் வாழும் சேற்று நண்டும் இக்குடும்பத்ததே.

இனி, ஓட்டின் முன்விளிம்பை நோக்குங்கள். நீலக்கால் நண்டுக்குக் கண்ணிலிருந்து பக்கத்துக்கு ஒன்பது பற்கள் உண்டு. கடைசிப் பல் நீண்ட முள்ளாகப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும். சேற்று நண்டுக்கும் ஒன்பதே. ஆனால் கடைசிப் பல் நீள்வதில்லை. முதுகிற் சிலுவை போன்ற குறியுடைய சிலுவை நண்டுக்கு ஆறு பற்களே. புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு அவருடைய சிலுவையை மீட்டுக் கொடுத்தது இந்நண்டே என்றொரு கதை வழங்குகின்றது. ஓட்டின் பின்புறத்தில் வெண்வளையம் சூழ்ந்த மூன்று செம்பொட்டுகள் இருப்பின் அது முக்கண் நண்டு. அவித்தபின் நிறம் சிவந்துவிடும். பற்களின் எண்ணிக்கை மாறாது.

நிறத்தை மட்டும் நம்புவோர் ஆணையும் பெண்ணையும் இரு வேறு இனமென மயங்குவதுண்டு. ஆணின் கால்களும் கொடுக்குகளும் நீலமானவை. பெண் மங்கிய பழுப்புப் பச்சையானது. ஐயமிருப்பின் நண்டைப் புரட்டிப் பாருங்கள். வயிற்றோடு மடிந்துள்ள மடல் ஆணுக்கு ஒடுங்கியது. முதிர்ந்த பெண்ணுக்கு அகன்று வளைந்தது. பருவமடையாத பெண்ணின் மடல் முக்கோணமாய் வயிற்றோடு ஒட்டியிருக்கும். அத்தகைய நண்டு ஒருமுறையேனும் முட்டையிட்டிராதது.

அறிவியற் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. 1758 இல் லின்னேயஸ் இட்ட ‘பெலாஜிக்கஸ்’ என்னும் பெயராலேயே இந்து சமுத்திரத்து நீலக்கால் நண்டுகள் பலவும் நெடுங்காலம் அழைக்கப்பட்டன. 2010 இல் சிங்கப்பூர், அவுஸ்திரேலிய ஆய்வாளர் மூவர் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, அவை நான்கு இனங்கள் எனப் பிரித்தனர். வங்காள விரிகுடாப் பக்கத்து நண்டுக்கு 1799 இல் ஹேர்ப்ஸ்ற் இட்ட ‘ரெற்றிக்குலாற்றஸ்’ என்னும் பெயர் மீண்டது. வலைப்பின்னல் போன்றது என்பது அதன் பொருள். ஓட்டின் மேலுள்ள வெண்புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து வலைபோலத் தோன்றுவதை நீங்களே காணலாம்.

பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் நண்டு வலை விரிப்போர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. சினைப்பட்ட பெண் இலட்சக்கணக்கான முட்டைகளைத் தன் மடலின்கீழ்ச் சுமக்கும். முட்டைத்திரள் முதலில் மஞ்சள் அல்லது செம்மஞ்சளாய் இருக்கும். உள்ளே கரு வளர்ந்து கண்கள் தோன்றத் தோன்றப் பழுப்பாகி, ஈற்றிற் கருஞ்சாம்பல் நிறம் அடையும். கருஞ்சாம்பல் திரளுடன் வலையிற் சிக்கிய நண்டை உயிருடன் கடலில் விட்டால், மிகச் சில நாட்களில் அம்முட்டைகள் பொரித்துவிடும்.