இணையதளத்தின் முகம் யாருக்குச் சொந்தம்?

ஜீவனஹள்ளியில் எங்கள் பக்கம் சிறு கடைக்காரர்களும் இணையதளம் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். "காசு கொடுத்துட்டோம், இனி அது நம்மளுதுதானே?" என்று என்னிடம் கேட்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தளத்தின் பெயரைப் பொறுத்தவரை, வழிகாட்டியது நம் பெங்களூரில் தொடங்கிய வழக்கே. 'சிஃபி' என்ற பெயரில் தளங்கள் நடத்திய சத்யம் இன்ஃபோவே, 'சிஃபிநெட்' என்ற பெயரை எதிர்த்து இங்குள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு உயர்நீதிமன்றத்தில் தோற்று, 2004இல் உச்சநீதிமன்றத்தில் வென்றது. இணையப் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பு.

பெயர் சரி, தோற்றம்? சொந்தமாக வரைந்த படம், சின்னம், அலங்காரம் ஆகியவை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கலைப்படைப்புகள். பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் 'மேலே படம், இடப்பக்கம் பட்டியல்' என்ற வெறும் யோசனைக்கு உரிமை கிடையாது.

சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு. வெளியாளிடம் வேலையைக் கொடுத்தால் பொதுவாக வரைந்தவருக்கே. அதை மாற்றக் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். அதிலும் காலம் குறிக்காவிட்டால் ஐந்தே ஆண்டுதான்!

ஆகவே, நம்ம பிள்ளைங்க வரைந்து கொடுத்தாலும் சரி, நாம் பிறரிடம் வாங்கினாலும் சரி, ரசீது மட்டும் போதாது. உரிமை யாருக்கு, எத்தனை காலம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.